மண் சரிந்த லயத்துக்கு யார் திட்டம் எழுதுவது?

கேள்வி: நான் பீருமேடு தாலுகாவில், வண்டிப்பெரியாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொளுந்து எடுக்கிறேன். எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு (பெண்கள் சுய உதவிக் குழு) நான்தான் செயலாளர். போன ஆடி மழையில் பின்பக்க மேடு சரிந்து ஒரு லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) முழுசாகப் போய்விட்டது. பக்கத்து இரண்டு லயங்களில் விரிசல். சாயங்காலமே எல்லாரும் வெளியே வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஆடு, கோழி, பாத்திரம், சர்டிபிகேட் எல்லாம் மண்ணுக்குள். இருபத்தாறு குடும்பம் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். இப்போது வாடகை வீடு, சொந்தக்காரர் வீடு, தோட்டத்தின் வேறு பிரிவு (டிவிஷன்) லயம் என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம். விரிசல் விட்ட லயத்தைப் பழுதுபார்த்துத் தருகிறோம் என்கிறது மேனேஜ்மெண்ட். சொந்த இடம்தான் வேண்டும் என்கிறார்கள் சிலர். “என்ன வேணும்னு ஒரு திட்டமா எழுதிட்டு வாங்க, கிராமசபையில வைப்போம்” என்கிறார் வார்டு மெம்பர். நான் பிளஸ் டூ வரைதான் படித்தேன். இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை இல்லையா? நாங்களே எழுதுவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது?
— ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அன்று சாயங்காலமே எல்லாரும் வெளியே வந்துவிட்டீர்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய விஷயம் அதுதான். யார் முதலில் சொன்னார்கள், எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று விசாரித்து எழுதி வையுங்கள். திட்டத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அரசாங்கத்தின் வேலை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் வேலைதான். 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். நிவாரணமும் மறுவாழ்வும் அங்கிருந்து வர வேண்டும். தொழிலாளிக்கு வீடு கொடுப்பது 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே தோட்ட நிர்வாகத்தின் கடமை. நீங்கள் எழுதிக் கொடுப்பதால் இரண்டு பேருடைய பொறுப்பும் குறைந்துவிடாது. ஆனால் ஆபீசில் உட்கார்ந்து போடும் திட்டம், ஆபீசில் ஏற்கெனவே இருக்கிற காகிதத்திலிருந்துதான் தொடங்கும். வில்லேஜ் ஆபீசில் இருப்பது நிலத்தின் கணக்கு. நிலம் தோட்டத்தின் பெயரில் இருக்கிறது. நாலு தலைமுறையாக அதில் கொளுந்து எடுத்தவர்கள் பெயர் அந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது. அதனால் உங்கள் ஊரைப் பொறுத்தவரை முதல் காகிதத்தை நீங்கள்தான் எழுதியாக வேண்டும். பிளஸ் டூ தாராளமாகப் போதும். அயல்கூட்டத்தில் வாராவாரம் சேமிப்பும் கடனும் எழுதுகிற கைக்கு இது புது வேலை இல்லை.

வீட்டுப் படத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆட்கள் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள். மறுவாழ்வு வேலை நடந்த இடமெல்லாம் நான் பார்த்த சண்டையில் பெரும்பாதி பட்டியலைப் பற்றியதுதான். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலையை உருள்பொட்டல் (நிலச்சரிவு) அடித்துப்போனது. அந்த டிசம்பரில் வெளிவந்த வரைவுப் பட்டியலில் சில பெயர்கள் இரண்டு தடவை இருந்தன, வர வேண்டிய சிலர் விடுபட்டிருந்தார்கள். வீடு இழந்தவர்கள் போராட்டத்தில் இறங்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்த ஊருக்கே அந்தக் கதி. யாரும் சாகாத, செய்தியில் ஒரு நாள் மட்டும் வந்த உங்கள் லயத்துக்காகப் பட்டியலைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள்.

லயத்துக்காரர்கள் பட்டியலிலிருந்து எப்படி விழுகிறார்கள் என்று பாருங்கள். நான் கேட்டறிந்த பல வீடுகளைச் சேர்த்து ஒரு கதவை எழுதுகிறேன்; உங்கள் லயத்திலும் இப்படி ஒன்று இருக்கும். நாலாம் நம்பர் வீடு. பாட்டி ரிட்டயர் ஆகிச் சில வருஷம் ஆகிறது. கிராஜுவிட்டி கைக்கு வராததால் வீட்டைக் காலி செய்யவில்லை. மருமகள் நிரந்தரத் தொழிலாளி. மகன் டெம்பரரி, பாதி நாள் ஏலத்தோட்டத்துக் கூலி. இளைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ரேஷன் கார்டில் பெயர் இங்கேதான். பேத்தி கட்டப்பனையில் நர்சிங் படிக்கிறாள், பேரன் ஏழாம் வகுப்பு. பின்பக்கச் சாய்ப்பில் பாட்டியின் தங்கை. கணவர் போன பிறகு கயத்தாறிலிருந்து வந்து தங்கியவர், ஆதாரில் தமிழ்நாட்டு விலாசம். விண்ணப்பப் படிவத்தில் முதல் கட்டமே ‘வீட்டு உரிமையாளர் பெயர்’. அதில் எழுத வேண்டிய பெயர் தோட்டக் கம்பெனி. இந்த ஏழு பேரும் அந்த ஒரு கட்டத்தோடு காணாமல் போகிறார்கள்.

ஆகவே உங்கள் பட்டியலில் உரிமையாளர் என்ற கட்டமே வேண்டாம். லயம் நம்பர், கதவு நம்பர், அன்று ராத்திரி அந்தக் கூரையின் கீழ் தூங்க வேண்டியவர்கள் யார் யார், அவர்கள் வயது, வேலை, இப்போது எங்கே இருக்கிறார்கள், அங்கே வாடகை எவ்வளவு, போன் நம்பர், எந்தக் காகிதம் கையில் இருக்கிறது, எது மண்ணில் போனது. அவ்வளவுதான். படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் போகிறவர் இருந்தால் பக்கத்தில் ஒரு குறி. குடியிருந்ததற்குச் சாட்சியாக எது கிடைத்தாலும் போதும்: செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) நம்பர், சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பள்ளிக்கூட டி.சி., பழைய கரண்ட் பில். ஜார்க்கண்டிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்து லயத்தில் தங்கியிருந்தவர்கள் உண்டென்றால் அவர்களையும் எழுதுங்கள். ‘அவங்க வெளியாளுங்க’ என்று யாராவது சொல்வார்கள். மண் ஆள் பார்த்து வரவில்லை. உங்கள் தாத்தா பாட்டியும் ஒரு காலத்தில் இந்த மலைக்கு அப்படி வந்தவர்கள்தான்.

விரிசல் விட்ட இரண்டு லயத்துக்காரர்களையும் அதே பட்டியலில் எழுதுங்கள். வீடு போனவர்களையும் வீட்டுக்குள் போக முடியாதவர்களையும் அரசாங்கம் தனித்தனியாகப் பிரிக்கும். அதை அவர்கள் பிரிக்கட்டும், நீங்கள் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நான்கு லயங்கள் போய் எழுபது பேர் இறந்தார்கள். பிறகு குட்டியார்வேலியில் புது வீடு கட்டிக் கொடுத்தது எட்டுக் குடும்பங்களுக்கு. குடும்பம் குடும்பமாக அழிந்துபோனது அதற்கு ஒரு காரணம். அதே மலையடியில் பயத்தோடு மிஞ்சிய மற்ற லயத்துக்காரர்கள் அந்த எண்ணிக்கைக்குள் வரவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

எழுதி முடித்ததும் பட்டியலை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்க வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில், கோயில் வாசலில், எங்கே எல்லாரும் கூடுவார்களோ அங்கே. ஒரு பிரதியை ரேஷன் கடைச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். ‘எங்க பேரு விட்டுப்போச்சு’, ‘அவங்க அங்க இருந்ததே இல்ல’ என்று சண்டை வரும். வரட்டும். கிராமசபைக்கு முன்னால் வருகிற சண்டை நல்லது. அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கமும் இரண்டு யூனியன் ஆட்கள், அங்கன்வாடி டீச்சர், சுகாதாரப் பணியாளர் ஆஷா ஆகியோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எல்லா யூனியனும் இருப்பது முக்கியம். ஒரு யூனியனின் பட்டியல் என்று பெயர் வந்துவிட்டால் அதோடு அதன் மதிப்பு போய்விடும்.

பட்டியலோடு சேர்த்து, கேட்காமல் விட்ட பணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். சொந்த வீடு இல்லை என்பதால் நிவாரணமே இல்லை என்று லயத்துக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிகளில் துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய் என்று தனியாக வைத்திருந்தார்கள். ஆடு ஒன்றுக்கு 4,000, கறவை மாட்டுக்கு 37,500, கோழிக்கு 100 ரூபாய். ஆடு யார் பெயரில் பட்டா போட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், அவ்வளவுதான். இத்தனை மாதம் கழித்து டாக்டர் எதைப் பார்த்துச் சான்று தருவார் என்றால், தடுப்பூசிப் பதிவு, பால் சொசைட்டிப் புத்தகம், பக்கத்து வீட்டார் சாட்சி. மூன்றையும் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். சர்டிபிகேட் தொலைந்தவர்கள் ஒவ்வொருவராக அலைய வேண்டாம். எல்லாத் துறையையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரச்சொல்லி அதாலத் நடத்தும்படி தாசில்தாரிடம் மொத்தமாக மனு கொடுங்கள்; பேரிடர் நடந்த இடங்களில் இது வழக்கமாகச் செய்வதுதான்.

சரி, இப்போது உங்கள் ஊரை இரண்டாகப் பிரித்திருக்கிற கேள்விக்கு வருகிறேன். பழுதுபார்த்த லயமா, சொந்த இடமா?

லயத்தைப் பழுதுபார்ப்பது பற்றி என் கருத்து ஒன்றுதான். சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டைப் பார்க்க வேண்டும். விரிசலைச் சிமெண்ட் பூசி மூடிவிடலாம்; பின்னால் இருக்கிற சரிவு அப்படியேதான் இருக்கும். அந்தச் சரிவைப் புவியியல் நிபுணர் வந்து பார்த்து, குடியிருக்கலாம் அல்லது கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கலெக்டர் மூலமாகக் கேட்டால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலிருந்தோ மாவட்டப் புவியியல் துறையிலிருந்தோ வருவார்கள். அந்தக் காகிதம் கைக்கு வரும்வரை ஒரு குடும்பம்கூட அங்கே திரும்பிப் போகக் கூடாது என்பதை உங்கள் திட்டத்தின் முதல் தீர்மானமாக வையுங்கள். நிபுணர் வரும் நாளில் நீங்கள் நாலு பேர் கூடவே நடந்து, ஊற்று எங்கே புதிதாகக் கிளம்பியது, எந்த மரம் சாய்ந்தது, பழைய வாய்க்கால் எங்கே இருந்தது, அதை எப்போது மண் போட்டு மூடினார்கள் என்று காட்டிக் கொடுங்கள். அந்த மலையை அவர் ஒரு நாள் பார்ப்பார். நீங்கள் தினமும் ஏறி இறங்குகிறீர்கள்.

சொந்த இடம் என்கிற ஆசையை ‘நடக்காத காரியம்’ என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ரிட்டயர் ஆன அன்றைக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்ற பயத்தோடு ஒரு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர்களின் ஆசை அது. 2000-த்தை ஒட்டிப் பீருமேட்டில் தோட்டங்கள் மூடிக் கிடந்தபோது ஒழுகுகிற லயத்துக்கு ஓடு மாற்ற ஆள் இல்லாமல் மக்கள் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனால் வழி நீளமானது என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். தோட்டத்து நிலத்தை மேனேஜர் நினைத்தாலும் நாலு சென்ட் வெட்டிக் கொடுத்துவிட முடியாது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் தோட்டங்களுக்கு உச்சவரம்பு விலக்கு கிடைத்ததே, அது தோட்டமாக இருக்கும்வரைதான் என்ற நிபந்தனையோடு. வேறு காரியத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் அரசாங்கம் நடுவில் வந்தாக வேண்டும். வயநாட்டில் கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டை எடுப்பதற்குக் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. முதலமைச்சர் அடிக்கல் நாட்டியது 2025 மார்ச் 27-ல், உருள்பொட்டல் நடந்து எட்டு மாதம் கழித்து. அங்கே குடும்பத்துக்கு 7 சென்ட், 1,000 சதுர அடி வீடு என்று முடிவானது. வீடு வேண்டாம் என்பவர்களுக்கு 15 லட்சம் ரூபாய். நிலமும் வீடும் இழந்தவர்களுக்கு 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் கொடுத்த கணக்கு நிலத்துக்கு 6 லட்சம், வீட்டுக்கு 4 லட்சம். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இரண்டில் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது உங்களை அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மழைக்குள் எல்லாரும் பாதுகாப்பான கூரைக்குக் கீழே, முடிந்தவரை ஒரே டிவிஷனில். அது நிர்வாகத்தின் பொறுப்பு. அதோடு, நிரந்தரமாகச் சொந்த நிலமும் வீடும். அது அரசாங்கத்திடம் வைக்கிற கோரிக்கை. ‘தற்காலிக இடத்துக்குப் போவதால் நிரந்தர வீட்டுக்கான உரிமை போகாது’ என்ற வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் மாற்று லயத்துக்குப் போனவர்களை அப்புறம் ‘இவர்களுக்குத்தான் வீடு இருக்கிறதே’ என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வயநாட்டில் மாதம் 6,000 ரூபாய் அரசாங்கம் கொடுத்தது. உங்களுக்கும் அந்த அளவில் கேளுங்கள்.

இடம் எதுவானாலும், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பெண்களிடம் தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஆண்கள் கூடுகிற கூட்டத்தில் எத்தனை சதுர அடி, கான்கிரீட்டா ஓடா என்றே பேச்சு போகும். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரப் புதுக் குடியிருப்புகளில், காஸ் அடுப்புக்கு மட்டும் அளவெடுத்துக் கட்டிய சமையலறைகளைப் பார்த்திருக்கிறேன். விறகு எரிக்கிற குடும்பங்கள் வாசலில் சாய்ப்பு இறக்கி, புகையிலும் வெயிலிலும் சமைத்தார்கள். 1993 நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தின் லாத்தூர் பக்கம் அகலமான தெருக்களோடு கட்டம் போட்டாற்போல ஊர்கள் எழுந்தன. ஒட்டி ஒட்டி வாழ்ந்து பழகிய விவசாயக் குடும்பங்கள் அவற்றில் பொருந்த முடியாமல் தவித்தார்கள். உங்கள் மலையில் ஆறு மாதம் மழை. நனைந்த விறகை எங்கே காய வைப்பது, சொட்டச் சொட்ட வருகிற ரெயின்கோட்டையும் கொளுந்துச் சாக்கையும் எங்கே மாட்டுவது, அட்டை கடித்த காலைக் கழுவத் தண்ணீர் வாசலில் இருக்கிறதா, ஆட்டுக்கொட்டகைக்கு இடம் உண்டா. வரைபடம் போடுகிற எஞ்சினியருக்கு இதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் தெரியும். சுனாமி வீடுகளுக்குத் தமிழ்நாட்டு அரசு மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்து உரிமை என்று ஆணை போட்டது. நீங்களும் அதைக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் நிரந்தர வேலை பெரும்பாலும் பெண்களிடம்தானே இருக்கிறது.

வீட்டைச் சுற்றி என்னென்ன இருந்தன என்பதையும் எழுதுங்கள். பிள்ளைக்கூடம் (குழந்தைகள் காப்பகம்), ரேஷன் கடை, தோட்டத்து ஆபீஸ், அம்மன் கோயில், சர்ச், பஸ் நிற்கிற இடம், செத்தவர்களைப் புதைத்த இடம். ஒவ்வொன்றும் புது இடத்திலிருந்து எவ்வளவு தூரம், காலை எட்டு மணிக்குப் பிரட்டுக்கு வர என்ன வழி என்று கேளுங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி நல்ல வீடு கிடைத்து, வேலைக்கு வர ஜீப் வாடகை சம்பளத்தில் கால்வாசியைத் தின்றால் அது பிழைப்புக்கு ஆகாது. பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். சூரல்மலையில் இடிந்த வெள்ளார்மலைப் பள்ளிக்கு மேப்பாடியில் இடம் பிடித்து 2024 செப்டம்பர் 2-ல் வகுப்புகளைத் திரும்பத் தொடங்கினார்கள். பள்ளியைக் கலைத்து ஆளுக்கொரு பள்ளிக்கு அனுப்பாமல் அதே டீச்சர், அதே பக்கத்து பெஞ்சு என்று வைத்தது பெரிய காரியம். உங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகள் வாடகை வீடு தேடிப் போன ஊரில் எந்த மீடியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாராவது பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தால் அது பட்டியலில் முதலில் வர வேண்டும்.

கடன் விஷயத்தை நீங்கள் எழுதவில்லை. இருக்கும் என்று நினைக்கிறேன். மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள் முகாமுக்கே வசூலுக்கு வந்த கதைகள் பல ஊர்களில் உண்டு. பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களின் கடனுக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும் மாற்றியமைக்கவும் ரிசர்வ் வங்கியின் விதிகளில் வழி இருக்கிறது. தனித்தனியாகக் கெஞ்ச வேண்டாம். இருபத்தாறு குடும்பத்துக் கடனையும் ஒரே தாளில் எழுதி, மாவட்ட லீட் பேங்க் மேனேஜரிடம் பஞ்சாயத்துத் தலைவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு குடும்பஸ்ரீ மூலமாக ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். அதுபோல இப்போது என்ன இருக்கிறது என்று உங்கள் சி.டி.எஸ். (பஞ்சாயத்து அளவிலான குடும்பஸ்ரீ அமைப்பு) தலைவியிடம் கேளுங்கள். வேலை நாள் போனதற்கு வயநாட்டில் நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் குடும்பத்தில் இரண்டு பேர் வரை உதவித்தொகை கொடுத்ததையும் கோரிக்கையில் மேற்கோள் காட்டலாம்.

ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? உயிர் போகவில்லையே என்பதால் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆஷாவிடம் சொன்னால் மாவட்ட மனநலத் திட்டத்தின் கவுன்சிலரை வரவழைக்கலாம். இருபத்தாறு குடும்பமும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் கூடிச் சாப்பிடுவதைக்கூட நான் திட்டத்தில் எழுதச் சொல்வேன். சிதறி இருக்கிறவர்கள் ஊராக நீடிப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. கலந்து பேச வேண்டியதெல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடும்.

இப்போது முதலில் சொன்ன விஷயம். அடுத்த மழைக்கு யார் என்ன செய்வது என்பதையும் இதே திட்டத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். பெட்டிமுடியில் இரவு பத்தே முக்கால் வாக்கில் மண் வந்தது. கரண்டும் போனும் இல்லாததால் வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில். உங்கள் லயத்தில் ஒருவர் மலையைக் கவனித்துச் சொன்னதும், மற்றவர்கள் அதை நம்பி இறங்கி வந்ததும் எப்படி நடந்ததோ, அதே முறையை எழுத்தாக்குங்கள். எந்த ஊற்று கலங்கியது, எத்தனை மணிக்கு, யார் யாருக்குச் சொன்னது, கிழவர்களை யார் தூக்கினது, எந்த வழி நல்ல வழி. போன் போகாத நேரத்துக்கு விசிலோ தோட்டத்துச் சங்கோ.

மழையை நீங்களே அளக்கலாம். பக்கம் நேராக இருக்கிற ஒரு டப்பா, ஒரு ஸ்கேல், தினமும் காலை எட்டரைக்கு ஒரு நோட்டில் குறிப்பு. கல்பற்றாவில் இருக்கிற ஹியூம் மையம் வயநாடு முழுக்க இப்படி ஊர்மக்கள் அளக்கிற மழையைச் சேகரித்துத்தான், முண்டக்கை நடப்பதற்கு முந்தின நாளே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்தது. ஜூன், ஜூலையோடு நோட்டை மூடிவிடாதீர்கள். உங்கள் தாலுகாவிலேயே கொக்கயாறு என்ற ஊரில் மண் வந்தது 2021 அக்டோபர் 16-ல். ஐப்பசி மழையும் உங்களுக்கு ஆபத்து மழைதான்.

கிராமசபைக்கு வருவோம். கேரளத்தில் கிராமசபை என்பது உங்கள் வார்டு சபை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும், கூட்டுநர் வார்டு மெம்பர். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். எனவே வேறு இடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் உட்பட எல்லாரும் அன்று வந்தே ஆக வேண்டும். மற்ற லயத்துக்காரர்களையும் முன்கூட்டியே பார்த்துப் பேசி வையுங்கள். அதற்கு முன்னால் பஞ்சாயத்துச் செயலாளரிடம் ஒரு காகிதம் கேட்டு வாங்குங்கள். 2020-ல் ‘நம்மள் நமுக்காயி’ என்ற பிரச்சாரத்தின் கீழ் கேரளத்து உள்ளாட்சிகள் பேரிடர் மேலாண்மைத் திட்டம் தயாரித்தன. உங்கள் பஞ்சாயத்தின் திட்டத்தில் உங்கள் டிவிஷன் ஆபத்துப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறித்திருந்தால் அதையே ஆதாரமாக வைத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள்.

திட்டம் பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. காரியம் சீக்கிரம் நகர, மலையாளம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கொண்டு மலையாளப் பிரதி ஒன்றும் தயார் செய்து கூடவே இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே யார் செய்ய வேண்டும், எந்த மாதத்துக்குள் என்று இரண்டு கட்டம் விடுங்கள். ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலை அந்தக் கட்டத்துக்குள் எழுத முடியாது.

தீர்மானம் நிறைவேறிய அன்றே மினிட்ஸ் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு பிரதி கலெக்டருக்கு, ஒன்று பீருமேடு தாசில்தாருக்கு, ஒன்று பிளாண்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு. நேரில் கொடுத்தால் சீல் வைத்த ரசீது, தபாலில் போனால் ஒப்புகை அட்டை. நகலெடுக்கவும் தபாலுக்கும் ஆகிற செலவை அயல்கூட்டத்துப் பணத்தில் எடுக்கலாமா என்று வருகிற ஞாயிறு கூட்டத்தில் கேட்டு முடிவு செய்துவிட்டு, மறுநாளே லயம் ஒன்று, கதவு ஒன்றிலிருந்து எழுத ஆரம்பியுங்கள். முதல் வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சொல்கிறேன்.